கரடி தின்ற கலியாண வட்டலப்பம்

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் காலம். புத்தளத்திலிருந்து வடக்கே எலுவன்குளம் போகும் பாதையில், ஒரு பக்கம் கடல்நீர்க் களப்பும் மறுபக்கம் காடுமாகக் கிடக்கிற சின்ன ஊர் எங்களுடையது. என் கலியாணம் அங்கே, எங்கள் வீட்டு முற்றத்தில்தான் நடந்தது. ஊர் முழுவதையும் கூப்பிட்டிருந்தோம். கூப்பிடாமல் வந்தவர் ஒரே ஒருவர்தான். அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முதல் என் உம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உம்மா அவிக்கிற வட்டலப்பம் என்ற இனிப்புக்கு எங்கள் பக்கத்தில் பெயர் இருந்தது. முட்டையும் தேங்காய்ப் பாலும் கித்துல் மரத்துக் கருப்பட்டியும் எல்லார் வீட்டிலும் ஒன்றுதான். ஆனால் அவிந்து இறங்கிய பிறகு அதை எப்படி ஆற வைப்பது என்பதில் உம்மாவுக்கு ஒரு பிடிவாதம். டவுன்காரர்கள் பிரிட்ஜில் வைப்பார்கள். உம்மாவுக்கு அது ஆகவே ஆகாது. "பிரிட்ஜில வெச்சா வட்டலப்பம் அழும்" என்பார். மேலே தண்ணீர் விட்டுவிடும் என்பதைத்தான் அப்படிச் சொல்வார். மெல்லிய துணி ஒன்றை மட்டும் போட்டு, காற்றுப்படுகிற இடத்தில் விடிய விடிய ஆறவிட வேண்டும். எங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்வார்கள். வட்டலப்பம் ஆறுகிற வாசத்தை வைத்தே எந்த வீட்டில் விசேஷம் என்று சொல்லிவிடலாம்.

கலியாணத்துக்காகக் கொல்லையில் ஒரு சமையல் கொட்டில் போட்டிருந்தார்கள். சுற்றிவரத் தென்னோலைக் கிடுகு, மேலேயும் கிடுகு, முற்றத்தைப் பார்த்தபடி ஒரே ஒரு வாசல். வாசலுக்குப் பக்கத்து வாங்கில், அதாவது நீளப் பெஞ்சில், தட்டம் தட்டமாக வட்டலப்பம். இடம் போதாமல், மீதியைக் குறுக்கு மரத்துக்கு மேலே பலகை போட்டு அதில் ஏற்றி வைத்திருந்தார்கள். சோளகம் களப்புப் பக்கமிருந்து அடித்து, கொட்டிலுக்குள் புகுந்து, அந்த வாசத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு நேராகக் காட்டுக்குள் போனது. அதுவும் பாலை மரம் பழுக்கிற மாதம். பாலைப் பழத்துக்குக் கரடிகள் காட்டோரம் வரை வந்து போகிற காலம். இரை வைத்துக் கரடி பிடிக்கிறவர்கள்கூட இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்க மாட்டார்கள். அந்த நேரம் எங்களில் ஒருவருக்கும் அது புத்தியில் படவில்லை. உம்மாவுக்குக் கவலை எல்லாம் எறும்பைப் பற்றித்தான்.

மாப்பிள்ளை எத்தாளை ஊர்க்காரர். சின்ன லொறி ஒன்று வைத்து, கற்பிட்டிப் பக்கத்து மரக்கறிகளை ஏற்றி இறக்குகிறவர். பெண் பார்க்க வந்த அன்று அவரை நான் பார்த்தது அவருடைய செருப்பு வரைக்கும்தான். மற்றப்படி போனில் கதைத்ததுதான். அதுவும் உம்மா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்க, சாப்பிட்டீங்களா, ஓம், நீங்க சாப்பிட்டீங்களா, ஓம். இரண்டு பேரும் சாப்பிட்டுச் சாப்பிட்டே அந்த மாதங்கள் கழிந்தன. ஆளைத் தெரியாவிட்டாலும் குரல் மட்டும் எனக்கு மனப்பாடம். எதையும் சொல்ல முதல் மெல்லக் கனைத்துக்கொள்வார், பள்ளியில் ஓதத் தொடங்குகிற ஆள் மாதிரி.

அன்று சுபஹுத் தொழுகை முடிந்து, வெளிச்சம் வந்து கொண்டிருந்த நேரம். மருதோண்டி பிடித்த கைகளைப் பார்த்தபடி நான் அறைக்குள் இருந்தேன். கலியாணப் பெண் நிக்காஹ் முடியும்வரை அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்பது உத்தரவு. கொல்லைப் பக்கம் ஒரு லொறி வந்து நின்ற சத்தம் கேட்டது. சஹன் வந்திருக்கும் என்று நினைத்தேன். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டுகளை நாங்கள் சஹன் என்போம். எங்கள் ஊரில் இருந்தது போதாதென்று எத்தாளைப் பக்கமிருந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். அதை ஏற்றி வர ஒரு லொறிக்காரருக்குச் சொல்லியும் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் எங்கள் கோக்கியார், அதாவது கலியாணச் சமையலுக்கு வந்திருந்த பெரியவர், அடுப்பு மூட்டக் கொட்டில் பக்கம் போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார். ஓடி வரவில்லை, மெல்ல நடந்துதான் வந்தார். முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். குடித்தார். பிறகுதான் வாய் திறந்தார்.

"கொட்டிலுக்குள்ள கரடி இரிக்கி. வட்டலப்பம் தின்னுது."

உம்மா கேட்ட முதல் கேள்வியை இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். "எந்தத் தட்டம்?" என்று கேட்டார்.

கோக்கியாருக்கு வயதாகிவிட்டது, நித்திரைக் கண் என்று முதலில் யாரும் நம்பவில்லை. ஆனால் சத்தம் கேட்டதே. கரடி சாப்பிடுகிற சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். புற்றுக்குள் மூக்கை விட்டுக் கறையானை உறிஞ்சிப் பழகிய பிராணி அது. வட்டலப்பத்தையும் அப்படித்தான் உறிஞ்சியது. தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிக்கிற ஆளைப் பத்து மடங்கு பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். கலியாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொரு ஜன்னலிலும் அடுக்கடுக்காக நின்றார்கள்.

சிரிப்பாகச் சொல்கிறேன், ஆனால் எங்கள் ஆட்களுக்கு யானையை விடக் கரடியிடம்தான் பயம். யானை வருவது தெரியும், ஒதுங்கிப் போகலாம். கரடிக்குக் கண் மங்கல். திடுக்கிட்டால் ஓடாது, நேரே முகத்தில்தான் பாயும். விறகுக்குப் போய் அப்படி முகம் கிழிபட்டுத் தப்பி வந்த ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். சின்ன வயதிலிருந்து அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

காட்டு விலங்குகளைப் பார்க்கிற வனஜீவிக் காரியாலயத்துக்குப் போன் எடுத்தார்கள். வருகிறோம், ஆனால் தூரத்தில் நிற்கிறோம், அதுவரை சத்தம் போடாமல் இருங்கள் என்றார்களாம். கலியாண வீட்டைச் சத்தம் போடாமல் வைத்திருக்கச் சொன்னால் முடிகிற காரியமா? அதிலும் என் மாமா, உம்மாவின் தம்பி, ஒரு இடத்தில் இருக்கிற ஆள் இல்லை. அவருக்கு வயல் இருக்கிறது, யானை வரும், அதனால் எந்த நேரமும் வீட்டில் ஆனைவெடி இருக்கும். யானையை விரட்டக் கொடுக்கிற பெரிய வெடி அது. ஒன்று வெடித்தால் ஊரே அதிரும். மாமா ஓடிப்போய் ஒரு வெடியையும் நெருப்புப் பெட்டியையும் எடுத்து வந்து முற்றத்தில் நின்றார்.

அப்போதுதான் கொட்டிலுக்குள்ளிருந்து ஒரு மனுசக் குரல் வந்தது.

"வெடி போடாதீங்க. உள்ள ஆள் இரிக்கி."

மாமா வெடியைத் தரையில் வைத்தார். வாப்பா ஜன்னலால் எட்டி, "ஆரு உள்ள?" என்று கேட்டார்.

உள்ளே குறுக்கு மரம் கிறீச்சிட்டது. பிறகு, "லொறிக்காரன். சஹன் எறக்க வந்த. மேல ஏறி இரிக்கேன்" என்று வந்தது.

நடந்தது இதுதான். சஹன்களை உள்ளே கொண்டுபோய்க் கொட்டிலின் கடைசியில் அடுக்கிக் கொண்டிருந்த நேரத்தில், கரடி வேலியின் ஓட்டைக்குள்ளால், பொட்டு என்போம், வந்து வாசலால் நுழைந்திருக்கிறது. ஆளை அது கவனிக்கவே இல்லை. அதன் கவனம் வாங்கில் இருந்தது. இவர் சத்தமில்லாமல் விறகுக் குவியலில் ஏறி, அங்கிருந்து குறுக்கு மரத்தில் ஏறி, பலகைக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டார். வெளியே வர வழியில்லை. வாசலில் கரடி.

குரல் கேட்ட உடனே போனில் கேட்ட குரல் எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் லொறிக்காரன் என்கிறாரே, ஒரே மாதிரிக் குரல் உள்ள வேறு ஆளாக இருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

வாங்கில் இருந்தது முடிந்துவிட்டது போல. உறிஞ்சுகிற சத்தம் நின்று, மூசுகிற சத்தம் கேட்டது. ஜன்னலால் கொட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு நானா, கரடி இரண்டு காலில் எழும்பி மேலே மோப்பம் பிடிக்கிறது என்றார். மேலே பலகையில் மிச்ச வட்டலப்பம். அதற்குப் பக்கத்தில் ஆள். உடனே டமார் என்று ஒரு தட்டம் கீழே விழுந்தது. உறிஞ்சல் மறுபடி தொடங்கியது. ஆள் தட்டத்தை அதற்குத் தள்ளிக் கொடுத்துக் கொஞ்ச நேரம் வாங்கியிருக்கிறார். அது முடிய இன்னொன்று விழுந்தது. உள்ளே ஒருவர் பந்தி பரிமாறுகிறார், கரடி உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று சொல்ல வேண்டியதுதான். ஆனால் பலகையில் எத்தனை தட்டம் இருக்கும்? அது முடிந்தால்? கரடிக்கு மரம் ஏறத் தெரியாதா?

"இனிப் பாத்துக்கொண்டு நிக்கேலாது" என்றார் மாமா. "வெடியப் போட்டா பயந்து வெளிய பாயும்."

"கிடுகு பத்திரும்" என்றது உள்ளேயிருந்து குரல், மெதுவாக. "காத்தும் அடிக்கிது. வீட்டுக்கும் பிடிச்சிரும். கலியாண வீடு. எனக்கொண்டும் இல்ல, கொஞ்சம் பொறுங்க."

சொல்ல முதல் கனைத்தார். அந்தக் கனைப்பு.

சந்தேகம் எல்லாம் போய்விட்டது. கரடிக்கு மேலே தொங்கிக்கொண்டு, எங்கள் வீடு பற்றிவிடும் என்று கவலைப்படுகிற அந்த மனிதர் யாரென்று எனக்கு மட்டும்தான் தெரியும். மாமா வெடியைக் கையில் எடுத்துவிட்டார். லொறிக்காரன் சொல்வதைக் கேட்கிற ஆள் இல்லை மாமா. காற்றுக்கு ஒரு நெருப்புக்குச்சி அணைந்தது, அடுத்ததை எடுத்தார்.

நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால் ஒன்றும் நினைக்கவில்லை. வீட்டில் உடுக்கிற சீத்தைச் சட்டையும் கலைந்த தலையுமாக, துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூத்த சகோதரியான ராத்தாவையும் மாமியையும் தள்ளிவிட்டு முற்றத்துக்கு வந்துவிட்டேன். நான் சத்தமாகக் கதைத்து எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார்கள்.

"மாமா, போடாதீங்க. உள்ள இரிக்கிறது லொறிக்காரன் இல்ல. என்ட மாப்புள."

காற்றுச் சத்தம்தான் கேட்டது. கரடிகூட உறிஞ்சுவதை நிறுத்தியது போல எனக்குப் பட்டது. மாமாவின் கையில் எரிந்துகொண்டிருந்த குச்சி விரலைச் சுட்ட பிறகுதான் அவர் அதைப் போட்டார்.

"ஓமா?" என்று வாப்பா கொட்டிலைப் பார்த்துக் கேட்டார்.

உள்ளேயிருந்து கனைப்பு. "ஓம் மாமா. அஸ்ஸலாமு அலைக்கும்."

உம்மா இரண்டு கையையும் தலையில் வைத்தார். "யா அல்லாஹ், மாப்புளைக்கு ஒரு தேத்தண்ணி கூடக் குடுக்கல்லியே" என்றார். கரடி வாய்க்கு மேலே ஒருவர் தொங்குகிறார், உம்மாவுக்கு இது கவலை. அழுதுகொண்டு நின்ற எனக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

இனி வெடிப் பேச்சு இல்லை. அதை எப்படியாவது ஆசை காட்டி வெளியே எடுக்க வேண்டும். என்னத்தைக் காட்டுவது என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து. எங்கள் ஊரில் கருத்துக்குப் பஞ்சமில்லை. மாமா கருவாடு என்றார். அது பூனைக்கு என்று கோக்கியார் சொன்னார். வாப்பா காட்டோடு பழகியவர். பாலைப் பழத்தை விடக் கரடிக்கு ஒன்றும் பெரிதில்லை என்று சொல்லி, வேலியோரத்து மரத்தில் ஒரு கொப்பை முறித்து, பழத்தோடு கொட்டில் வாசலுக்கு எறிந்தார். கரடி தலையை வெளியே நீட்டி, பழத்தை மோந்து பார்த்தது. பிறகு உள்ளே திரும்பிவிட்டது. உம்மாவின் வட்டலப்பம் சாப்பிட்ட வாய்க்குப் பாலைப் பழம் எடுபடுமா? அந்தப் பதற்றத்துக்குள்ளும் உம்மாவின் முகத்தில் ஒரு சின்னப் பெருமை ஓடியதை நான் பார்த்தேன்.

உள்ளே இன்னொரு தட்டம் விழுந்தது. "இதுதான் கடைசி" என்று குரல் வந்தது. இந்த முறை கனைக்கவில்லை. முதல் தடவையாக அந்தக் குரலில் பயம் இருந்தது.

நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா தரையைப் பார்த்தார். வீட்டுக்குள், அலுமாரிக்குள், ஏற்கனவே அவித்து ஆறவைத்த ஒரு பெரிய தட்டம் பூட்டி வைத்திருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மாப்பிள்ளையின் உம்மாவுக்கென்று தனியாகச் செய்தது. எங்கிருந்தோ சொல்லி எடுத்த அசல் கித்துல் கருப்பட்டி, எங்கள் தோட்டத்து முந்திரிக் கஜு, பார்த்துப் பார்த்து அவித்தது. காட்டுப் பக்கத்துச் சம்பந்தம் என்று எத்தாளையில் யாரோ முகம் சுளித்ததாக ஒரு கதை உம்மாவின் காதுக்கு வந்திருந்தது. அந்தக் கதைக்கு உம்மா எழுதிய பதில்தான் அந்தத் தட்டம்.

"உம்மா" என்றேன்.

உம்மா இடுப்பிலிருந்த அலுமாரித் திறப்பை எடுத்து என் கையில் தந்தார். "மாப்புள வீட்டுக்கெண்டு செஞ்சது. மாப்புளைக்குத்தானே போகுது" என்றார்.

தட்டத்தை அப்படியே வைத்தால் கரடி வாசலிலேயே உட்கார்ந்துவிடும். தேங்காய் துருவிய சிரட்டைகள் கொல்லையில் மலைபோலக் கிடந்தன. நானும் ராத்தாவும் குசினிக்குள் உட்கார்ந்து, சிரட்டைக்கு ஒரு கரண்டியாகப் போட்டுக் கொடுத்தோம். வாப்பாவும் பக்கத்து வீட்டு நானாவும் வேலிப் பொட்டிலிருந்து தொடங்கி, கொட்டிலின் பக்கவாட்டால் வாசல் வரை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தார்கள். தட்டத்தில் மிஞ்சியதை வேலிக்கு வெளியே, காட்டோரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். வாசலுக்குக் கிட்டப் போக முடியாது. அதற்கு வாப்பா வள்ளம் தள்ளுகிற நீளக் கம்பை எடுத்தார். களப்பில் ஆழமில்லாத இடங்களில் அதைத் தரையில் ஊன்றித்தான் வள்ளத்தைத் தள்ளுவார்கள். சுவர் மூலையில் மறைந்து நின்று, கடைசிச் சிரட்டையைக் கம்பின் நுனியால் மெல்ல மெல்லத் தள்ளிக் கொட்டில் வாசலில் விட்டார்.  சிரட்டை கவிழவில்லை.

எல்லாரும் உள்ளே வந்து கதவைச் சாத்தினோம். ஒரு பிள்ளைகூட அழவில்லை.

முதலில் மூக்கு வந்தது. நீளமான மூக்கு, கருப்பட்டி நிறத்தில் பூசி வழித்தபடி. சிரட்டையை ஒரே உறிஞ்சில் முடித்தது. சிரட்டையைப் புரட்டிப் பார்த்தது. பிறகு மூசி மூசி அடுத்ததைக் கண்டுபிடித்தது. முழு உடம்பும் வெளியே வந்தபோதுதான் எவ்வளவு பெரிய கரடி என்று தெரிந்தது. கறுத்து, சடை பிடித்து, நெஞ்சில் வெள்ளைக் கோடு வளைந்து கிடக்க, புதுச் சட்டை போட்டு வந்த கலியாண விருந்தாளி போலவே இருந்தது. அவசரமே இல்லை. ஒவ்வொரு சிரட்டைக்கும் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து, முடித்து, எழும்பி, அடுத்ததற்குப் போனது. நடுவில் ஒரு சிரட்டை மூக்கில் மாட்டிக்கொண்டது. அதைத் தட்டிவிட அது பட்ட பாட்டைப் பார்த்து மாமா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சற்று முன்னால் வெடி கொளுத்த நின்ற அதே மாமாதான்.

வேலிப் பொட்டால் அது வெளியே போனது. காட்டோரத்தில் தட்டத்தை நக்கி முடித்தது. ஒரு தடவை எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி மோந்தது. பிறகு, வயிறு நிறைந்த ஆள் போல அசைந்து அசைந்து காட்டுக்குள் போய் மறைந்தது. வாப்பா முள்ளைப் போட்டுப் பொட்டை அடைத்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மாப்பிள்ளை இறங்கி வந்தார். முகமெல்லாம் கரி, சேர்ட்டெல்லாம் வட்டலப்பம், தலையில் ஒட்டடை. வெளியே வந்ததும் அவர் செய்த முதல் வேலை, தோளில் கிடந்த துவாயை எடுத்துத் தலையையும் முகத்தையும் சுற்றிக்கொண்டதுதான். இனியும் யாருக்கும் தெரியாது என்று நினைத்தார் போல. உம்மா தேத்தண்ணி கொடுத்தனுப்பினார். லொறிக்குப் பின்னால் மறைந்து நின்று குடித்தார். வாப்பாவிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "சஹனெல்லாம் சரியா இரிக்கி மாமா. ஒண்டு மட்டும் நெளிஞ்சிட்டு."

மாமா விடுவாரா? "கரடி வந்தது வட்டலப்பத்துக்கு. மாப்புள எதுக்கு வந்தார்?" என்று கேட்டார். முற்றமே சிரித்தது. நான் ஜன்னலை விட்டு விலகுவதற்குள் அவர் துவாயை விலக்கி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டார். செருப்புக்கு மேலே அவரை நான் முழுதாகப் பார்த்தது அப்போதுதான். கண்ணைத் தவிர எல்லாம் கரியாக இருந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குப் பிறகுதான் கிடைத்தது. லொறிக்காரருக்குச் சுகமில்லை, அதனால் தானே சஹனை ஏற்றி வந்ததாகத்தான் அன்று எல்லாரிடமும் சொன்னார். உண்மையில் அந்த லொறிக்காரருக்குத் சளித் தடிமன்கூட இல்லையாம். இவர்தான் அவரைக் கெஞ்சி வீட்டில் நிற்க வைத்திருக்கிறார். நிக்காஹுக்கு முதல் எங்கள் வீட்டு முற்றத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் ஓடிவிடலாம் என்று நினைத்தாராம்.

வனஜீவி ஆட்கள் வந்தபோது கரடி எங்கோ நித்திரையாகியிருக்கும். சிங்கள அதிகாரி ஒருவர், நல்லாகத் தமிழ் கதைத்தார். கூண்டும் கொண்டு வந்திருந்தார், இரைக்கென்று ஒரு போத்தல் தேனும் கொண்டு வந்திருந்தார். நடந்ததைக் கேட்டுத் தலையைத் தலையை ஆட்டிச் சிரித்தார். "நாங்க தேன் வெச்சி நாள் கணக்கா காத்திருக்கிற. நீங்க புடிங் வெச்சி உடனே அனுப்பிட்டீங்க. இனி வலஹா எங்கட தேனைத் திரும்பிப் பாக்குமா?" என்றார். வலஹா என்றால் சிங்களத்தில் கரடி. போகும்போது, இனி இனிப்புச் சாமானை வெளியே வைக்க வேண்டாம் என்று உம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். உம்மா பள்ளிப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

வட்டலப்பம் இல்லாத கலியாணமா என்று உம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து கண் கசக்கத் தொடங்கியபோதுதான் ஊர் வந்தது. யாரும் கூப்பிடவில்லை. ஒருத்தி முட்டை கொண்டு வந்தாள், ஒருத்தி கருப்பட்டி கொண்டு வந்தாள், இன்னொருத்தி கேட்காமலே தன் வீட்டு அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டாள். நண்பகல் லுஹர் தொழுகைக்கு முதல் எங்கள் தெருவில் எந்த வீட்டுக் குசினியைத் திறந்தாலும் வட்டலப்பம் அவிந்தது. ஒரு வீட்டில் கறுப்பாக வந்தது, ஒரு வீட்டில் வெளுப்பாக வந்தது, இன்னொரு வீட்டில் இனிப்புக் கூடிவிட்டது. கிண்ணம், கோப்பை, சோற்றுப் பாத்திரம் என்று கையில் அகப்பட்டதில் எல்லாம் அவித்தார்கள். அவ்வளவையும் என் உம்மா, காற்றை நம்பாமல், கடைக்காரரின் பிரிட்ஜுக்கு அனுப்பினார். உம்மா சொன்னது சரிதான், எல்லாம் நன்றாக அழுதிருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளையின் உம்மா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு, என் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊர் முழுக்கச் சேந்து அவிச்ச வட்டலப்பம் நான் எங்கயும் சாப்பிட்டதில்ல" என்றார். உம்மா அதை இன்றுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். எங்கள் பக்கத்தில் அந்த நேரத்தில் பெண் வாய் திறப்பதில்லை. மாப்பிள்ளை வெளியே இருப்பார், பெண் உள்ளே இருப்பாள். வாப்பா சாட்சிகளோடு அறை வாசலுக்கு வந்து சம்மதமா என்று கேட்பார். பெண் தலையைக் குனிந்துகொண்டால் போதும், வெட்கப்பட்டுக் குனிகிற அந்தத் தலைதான் சம்மதம். என் ராத்தாவும் அப்படித்தான் குனிந்தாள், என் உம்மாவும் அப்படித்தான் குனிந்திருப்பார்.

வாப்பா வந்தார். முகத்தைக் கஷ்டப்பட்டு நேராக வைத்திருந்தார். கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் சிரித்துவிட்டார். "மகள், நீங்க காலையிலேயே சொல்லிட்டீங்களே. ஊரே கேட்டிச்சு" என்றார். பின்னால் நின்ற சாட்சிகளும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தலையைக் குனியவில்லை. வாப்பாவின் முகத்தைப் பார்த்து, "சம்மதம் வாப்பா" என்று சத்தமாகவே சொன்னேன். வெளியே பந்தலில் யாரோ கனைக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

இப்போது எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் கலியாணத்தைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அவர்களுக்குக் கரடியின் கதைதான் வேண்டும், அதைத்தான் சொல்வேன். ஆனால் எனக்குள்ளே நான் நினைத்துக்கொள்வது வேறு: யாரும் என்னிடம் கேட்பதற்கு முதலே, கலைந்த தலையோடு முற்றத்தில் நின்று, இந்த மனிதர் எனக்கு வேண்டும் என்று என் சொந்த வாயால் சொல்ல ஒரு காலை எனக்குக் கிடைத்தது, அந்தச் சந்தோஷம் இன்னும் எனக்குக் குறையவில்லை.